தீவுல ஒரு பிளக் பாயின்ட் வேணும்!

இன்டர்னல்ஸ் முடிஞ்சுதா? அரியர் கணக்கை எல்லாம் கொஞ்சம் ஓரமா வெச்சுட்டு இந்த வாரம் என்கூட ஒரு தீவுக்கு வாங்க. டிக்கெட், விசா எதுவும் வேண்டாம். ஆனா, ஓம்ஸ் லா மட்டும் ஞாபகம் இருக்கணும்!

"டேய், நீ ட்ரிபிள் ஈ தானே படிக்கிறே?"

2024 ஜூன்ல ஒரு ராத்திரி பதினொண்ணரை மணிக்கு அக்கா போன் பண்ணி இப்படித்தான் ஆரம்பிச்சா. எங்க வீட்டுல இந்தக் கேள்வி வந்தாலே மிக்ஸி ஓடலை, இல்லேன்னா ஃபியூஸ் போயிருச்சுன்னு அர்த்தம். மூணு வருஷமா நான் வாங்கின ஒரே மரியாதை அதுதான். ஆனா, இந்தத் தடவை மேட்டர் வேற.

அக்கா இங்கிலாந்துல ரெடிங்ங்கற ஊர்ல இருக்கா. மாமாவுக்கு அங்கே வேலை. ஏழு வயசுல ஒண்ணு, நாலு வயசுல ஒண்ணுன்னு ரெண்டு வாண்டுங்க. அப்பா ரிட்டயர் ஆனதும் அம்மாவோட அங்கே போயிருந்தார். ஆகஸ்ட்ல அங்கே ஸ்கூல் லீவு. 'எல்லாருமா சேர்ந்து ஒரு தீவுல டென்ட் போட்டுத் தங்கலாம்'னு மாமா பிளான். எல்லாரும் குஷி, ஒருத்தரைத் தவிர.

"நான் வரலைம்மா. நீங்க போயிட்டு வாங்க. நான் வீட்டைப் பார்த்துக்கறேன்"னுட்டார் அப்பா.

காரணம் எங்க எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்கலை. அப்பாவுக்குத் தூக்கத்துல மூச்சு அடைக்கிற பிரச்னை இருக்கு. ஸ்லீப் ஆப்னியான்னு சொல்வாங்க. குறட்டை விட்டுக்கிட்டே இருக்கும்போது திடீர்னு சத்தம் நிக்கும், மூச்சும் நிக்கும். அப்புறம் திணறி எழுந்துப்பார். அதுக்காக ராத்திரி முழுக்க சி-பேப்னு ஒரு மெஷின். மூக்குல மாஸ்க்கை மாட்டிக்கணும். மெஷின் காத்தை அழுத்தி அனுப்பித் தொண்டை மூடிக்காமப் பார்த்துக்கும். அதை யார் கண்ணுலயும் படவிடமாட்டார். சொந்தக்காரங்க வந்தா டவல் போட்டு மூடி வெச்சுடுவார். அப்படிப்பட்டவர், நாலு பேர் பார்க்கிற டென்ட்ல அதை மாட்டிக்கிட்டுப் படுப்பாரா? முதல்ல, டென்ட்டுக்குக் கரன்ட்டுக்கு எங்கே போறது?

"கரன்ட் இருக்கற இடமாப் பார்த்துட்டா அப்பாவால சாக்கு சொல்ல முடியாதுடா. நீதான் கண்டுபிடிக்கணும்!" - போனை வெச்சுட்டா அக்கா.

மக்களே, அன்னிக்குத்தான் நான் முதல் தடவையா ஒரு நிஜ பிராஜெக்ட் ஆரம்பிச்சேன்!

தீவு எது?

பேர் ஐல் ஆஃப் வைட். இங்கிலாந்தோட தெற்குக் கரையை ஒட்டி, 'சோலன்ட்'ங்கற குறுகலான கடல் பகுதிக்கு அந்தப் பக்கம் இருக்கு. சுமார் 380 சதுர கிலோமீட்டர். நம்ம சென்னை மாநகராட்சியை விடவே கொஞ்சம் சின்னது. பாலம் கிடையாது. காரோட போகணும்னா ஃபெர்ரிதான். சவுதாம்ப்டன்லேர்ந்து ஈஸ்ட் கௌஸுக்கு ஒரு மணி நேரம். போர்ட்ஸ்மவுத்லேர்ந்து ஃபிஷ்போர்னுக்கு முக்கால் மணி நேரம். லிமிங்டன்லேர்ந்து யார்மவுத்துக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

இன்ஜினீயரிங் பசங்க இந்தத் தீவைக் கும்பிட்டுட்டுத்தான் போகணும். 1959-ல உலகத்தோட முதல் ஹோவர்கிராஃப்ட்டுகள்ல ஒண்ணான எஸ்.ஆர்.என்-1 ஓடிக் காட்டினது இங்கேதான், கௌஸ் பக்கத்துல. இன்னிக்கும் சவுத்ஸீலேர்ந்து ரைடுக்கு ஹோவர்கிராஃப்ட் பயணிகளை ஏத்திக்கிட்டுப் பத்து நிமிஷத்துல பறக்குது. (காரை ஏத்தமாட்டாங்க!) பிரிட்டன் தன்னோட சொந்த ராக்கெட்ல சாட்டிலைட் அனுப்பினது ஒரே ஒரு தடவை, 1971-ல. அந்த 'பிளாக் ஆரோ' ராக்கெட்டோட இன்ஜின்களைச் சோதிச்சதும் இந்தத் தீவோட மேற்கு முனையிலதான். மார்க்கோனி 1897-ல வயர்லெஸ் ஸ்டேஷன் போட்டதும் அதே முனையில. விக்டோரியா மகாராணி 1901-ல கண்ணை மூடினது இங்கே இருக்கற ஆஸ்போர்ன் ஹவுஸ்ல.

ரயில் இருக்கே, அது இன்னும் ஜோர். ரைடு ஊர்ல இருக்கற சுரங்கம் ரொம்பத் தாழ்வு. சாதாரண ரயில் உள்ளே போகாது. அதனால லண்டன் பாதாள ரயில்ல ரிட்டயர் ஆன பெட்டிகளைக் கொண்டுவந்து ஓட்டுறாங்க. 1938 மாடல் ரயில் 2021 ஜனவரி வரைக்கும் ஓடுச்சுன்னா பார்த்துக்கோங்க! இப்ப ஓடுறதும் லண்டன்ல ஓடி ஓய்ஞ்ச பெட்டிகளைப் புதுப்பிச்சதுதான்.

குடும்பத்துக்கு ஏத்த இடம்னா?

தேட ஆரம்பிச்சா, அங்கே எல்லா கேம்ப்சைட்டும் 'குடும்பத்துக்கு ஏற்றது'ன்னுதான் போட்டுக்கறாங்க, நம்ம ஊர்ல எல்லா ஓட்டலும் 'உயர்தர சைவம்'னு போடற மாதிரி. ரெக்கார்ட் நோட்டோட பின்பக்கத்துல கட்டம் போட்டு ஒவ்வொண்ணா எழுதினேன். அப்பத்தான் சில சங்கதி புரிஞ்சுது.

சில இடங்கள் 'பெரியவங்களுக்கு மட்டும்'. குழந்தையைக் கூட்டிட்டுப் போனா கேட்லயே டாட்டா! இன்னும் பல இடத்துல 'ஜோடிகளும் குடும்பங்களும் மட்டும்'னு ரூல். ஏழெட்டு பசங்க கிட்டாரோட போய் நின்னா உள்ளே விடமாட்டாங்க. (மச்சி, நம்ம கேங் கனவு அங்கேயே காலி!) ஆனா, குழந்தைகளோட போறவங்களுக்கு அந்த ரூல்தான் நிம்மதி. ராத்திரி பத்து, பத்தரைக்கு மேல சத்தம் கூடாதுன்னு சொல்ற இடமா இருந்தா இன்னும் நல்லது.

அப்புறம் கடல். தீவோட தென்மேற்குக் கரையில டென்ட் போட்டா சீனரி அள்ளும். அக்காவுக்கு அதுதான் வேணும். ஆனா, அங்கே பல இடத்துல கரைங்கறது செங்குத்தான மண் சரிவு. அரிச்சு அரிச்சு விழுந்துக்கிட்டே இருக்கற சரிவு. காத்தும் டென்ட்டையே தூக்கும். நாலு வயசு வாலை அங்கே எப்படி மேய்க்கிறது? கிழக்குப் பக்கம் சான்டவுன், ஷாங்க்ளின்ல நீளமான மணல் பீச் இருக்கு. குழந்தைங்களுக்கு அதுதான் சரி. கடைசியில, சான்டவுனுக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி, மரங்களுக்கு நடுவுல ஒரு இடம்னு முடிவாச்சு. 'சீனரி போச்சே'ன்னு அக்கா ரெண்டு நாள் முறைச்சுக்கிட்டா.

இதுல டாய்லெட் எவ்வளவு தூரம்ங்கறதும் பெரிய விஷயம். ராத்திரி ரெண்டு மணிக்கு ஈரப் புல்லுல டார்ச் அடிச்சுக்கிட்டு நடக்கப்போறது 58 வயசு அப்பாவும், தூக்கக் கலக்கத்துல அழற வாண்டும். 'கிட்டே'ன்னா எத்தனை அடின்னு கேட்டு வெச்சுக்கணும்.

இப்ப மெயின் பேப்பர்: கரன்ட்!

கேம்ப்சைட்ல கரன்ட் எடுக்கற வசதிக்கு அங்கே 'எலெக்ட்ரிக் ஹுக்-அப்'னு பேர். டென்ட் போடற இடத்துக்குப் பக்கத்துல இடுப்பு உயரத்துக்கு ஒரு சின்ன கம்பம். அதுல நீலக் கலர் ரவுண்டு சாக்கெட், மூணு பின், 16 ஆம்பியர் தாங்கற ரகம். அங்கேர்ந்து ஒரு தடிமனான கேபிள், வழக்கமா 25 மீட்டர். கேபிளோட மறுமுனையில, டென்ட்டுக்குன்னே விக்கிற சின்ன பெட்டி. அதுக்குள்ள எம்.சி.பி., ஆர்.சி.டி., ரெண்டு மூணு சாதாரண பிளக் பாயின்ட்.

ஆர்.சி.டி-ங்கறது உயிர் காக்கற சாமி. போற கரன்ட்டும் திரும்பற கரன்ட்டும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசப்பட்டாலே கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள லைனைத் துண்டிச்சிடும். ஈரப் புல்லு, ஈரக் கை, குழந்தைங்க... இது இல்லாம டென்ட்டுக்குள்ள கரன்ட்டைக் கொண்டுபோறது தற்கொலை. வீட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை ஜன்னல் வழியா இழுக்கற நம்ம ஹாஸ்டல் டெக்னிக் எல்லாம் அங்கே ஆகாது பாஸ்!

சாக்கெட் 16 ஆம்பியர் ரகம்ங்கறதால 16 ஆம்பியரும் கிடைக்கும்னு நினைச்சுடாதீங்க. நான் ஏமாறப் பார்த்தது அங்கேதான். சில இடத்துல 16, சில இடத்துல 10, இன்னும் சில இடத்துல வெறும் 6. இப்ப கணக்குப் போடுங்க. அங்கேயும் நம்ம மாதிரியே 230 வோல்ட். 10 ஆம்பியர்னா 2300 வாட். 6 ஆம்பியர்னா 1380 வாட். அவங்க வீட்டு கெட்டில் ஒண்ணே 3000 வாட்! அதனாலதான் கேம்பிங்குக்குன்னு 750, 1000 வாட்ல குட்டி கெட்டில் விக்கிறாங்க. அப்பாவோட மெஷின்? மிஞ்சிப்போனா நம்ம வீட்டு சீலிங் ஃபேன் கணக்குதான். ஆக, அப்பாவால பிரச்னையே இல்லை. டீயாலதான் பிரச்னை!

ஒரு குட்டி ஜி.கே: நம்ம ஊர் ரவுண்டு பின் பிளக் இருக்கே, அது அந்தக் கால பிரிட்டிஷ் டிசைன். 1947-ல அவங்க சதுர பின் பிளக்குக்குப் புது ஸ்டாண்டர்ட் போட்டு மெதுவா மாறிட்டாங்க. அவங்க கழட்டிப்போட்ட சட்டையை நாம இன்னும் போட்டுக்கிட்டிருக்கோம். அதனால அப்பா மெஷினுக்கு ஒரு அடாப்டர் மட்டும் போதும். வோல்டேஜ், ஃப்ரீக்வென்சி எல்லாம் ஒண்ணுதான்.

கேட்டே ஆகவேண்டிய கேள்விகள்

முதல்ல அக்கா ஒரு இடத்தை புக் பண்ணியே விட்டிருப்பா. 'ஹுக்-அப் உண்டு'ன்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தாங்க. போன் பண்ணிக் கேட்டா, அது கேரவனுக்கு மட்டுமாம், டென்ட்டுக்குக் கிடையாதாம். இன்னொரு இடத்துல ஹுக்-அப் இருக்கு, ஆனா கம்பத்துக்குப் பூட்டு. ட்ரிப் ஆனா ஆபீஸ் ஆள்தான் வந்து போடணும். ஆபீஸ் திறக்கறது காலையில! ராத்திரி ஒரு மணிக்குக் கரன்ட் போனா அப்பா என்ன பண்ணுவார்? கட்டம் போட்ட நோட்டுல அதை ரெண்டு தடவை அடிச்சேன்.

அன்னிக்கு நான் அக்காவுக்கு எழுதி அனுப்பின லிஸ்ட் இதுதான். வெளிநாட்டுல இருக்கற அண்ணன், அக்காவுக்கு வேணும்னா நீங்களும் அனுப்புங்க:

1. ஹுக்-அப் டென்ட்டுக்கும் உண்டா, கேரவனுக்கு மட்டுமா?
2. எத்தனை ஆம்பியர்?
3. டென்ட் போடற இடத்துலேர்ந்து கம்பம் எத்தனை மீட்டர்? 25 மீட்டர் கேபிள் எட்டுமா?
4. ட்ரிப் ஆனா நாமே போட்டுக்கலாமா, ஆள் வரணுமா? ராத்திரியில யாரைக் கூப்பிடறது?
5. கரன்ட்டுக்கு வாடகையிலேயே காசா, மீட்டரா?
6. குழந்தைகளோட குளிக்கற அறை தனியா இருக்கா? டாய்லெட் எவ்வளவு தூரம்?
7. விளையாடற இடம் டென்ட்லேர்ந்து கண்ணுக்குத் தெரியுமா? நடுவுல வண்டி போற பாதை இருக்கா?
8. ஃபெர்ரி டிக்கெட்டையும் சேர்த்துத் தருவீங்களா?

எட்டாவது கேள்வியை லேசா நினைக்காதீங்க. ஆகஸ்ட்ல காரோட போய்வர ஃபெர்ரி சார்ஜ் சில சமயம் கேம்ப்சைட் வாடகையையே முந்திடும். அந்தத் தீவுல நிறைய கேம்ப்சைட்காரங்க தங்கறவங்களுக்கு ஃபெர்ரியைக் குறைச்ச விலையில சேர்த்து புக் பண்ணித் தர்றாங்க. கேட்டாத்தான் கிடைக்கும்.

நாலாவது கேள்விக்கு "நீங்களே போட்டுக்கலாம், கம்பம் திறந்துதான் இருக்கும்"னு பதில் சொன்ன இடம்தான் கடைசியில ஜெயிச்சுது. 10 ஆம்பியர். அன்னிக்கே புக் பண்ணச் சொல்லிட்டேன்.

கொஞ்சம் சீரியஸா...

ஜாலியாப் படிச்சுக்கிட்டிருந்தீங்கன்னா இந்த ஒரு பாராவை மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து படிங்க. குளிருதுன்னு அணைஞ்சுபோன பார்பெக்யூ அடுப்பை டென்ட்டுக்குள்ள எடுத்து வெச்சுத் தூங்கினவங்க காலையில எழுந்திருக்காத கதை இங்கிலாந்துல ஒண்ணு ரெண்டில்லை. தணல் அணைஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் கார்பன் மோனாக்சைடு வந்துக்கிட்டே இருக்கும். அதுக்கு வாசனையும் கிடையாது, கலரும் கிடையாது. அடுப்பு, கரி, காஸ் எதுவா இருந்தாலும் டென்ட்டுக்கு வெளியிலதான். நம்ம பசங்க கொடைக்கானல் போனாலும் இதே ரூல்தான்.

கரன்ட்டுக்கும் ரெண்டு ரூல். ஒண்ணு, கேபிளைச் சுருள்லேர்ந்து முழுசாப் பிரிச்சுடணும். பாதிச் சுருளோட ஓடவிட்டா சூடு வெளியே போகாம கேபிள் உருகிடும். ரெண்டு, மாட்டும்போது முதல்ல டென்ட் பக்கம், அப்புறம் கம்பம். கழட்டும்போது முதல்ல கம்பம். உயிரோட இருக்கற முனை நம்ம கையில இருக்கவே கூடாது, அதுதான் லாஜிக்.

அப்புறம் என்ன ஆச்சு?

கரன்ட் இருக்கு, ட்ரிப் ஆனாலும் போட்டுக்கலாம்னு சொன்ன பிறகும் அப்பா மசியலை. கடைசியில பெரிய வாண்டுதான் முடிச்சு வெச்சான். டவலைத் தூக்கி மெஷினைப் பார்த்துட்டு, "தாத்தா, நீங்க ஃபைட்டர் பைலட்டா?"ன்னு கேட்டிருக்கான். அதுக்கு மேல தாத்தாவால என்ன சொல்ல முடியும்?

மூணு ராத்திரி தங்கினாங்க. ரெண்டு ராத்திரி பிரச்னையே இல்லை. மூணாம் நாள் விடியக்காலம் குளிர். அஞ்சரை மணிக்கு அக்கா எழுந்து குழந்தைங்களுக்காகக் குட்டி ஹீட்டரைப் போட்டிருக்கா. 2000 வாட். கூடவே டீக்குக் கெட்டில். எது? வீட்டுலேர்ந்து எடுத்துட்டுப்போன அதே 3000 வாட் கெட்டில்! ஆகமொத்தம் 5000 வாட், கிட்டத்தட்ட 22 ஆம்பியர். ஒரு நிமிஷம் போல தாங்கியிருக்கு. அப்புறம் 'டப்'. எல்லாம் அவுட்.

"நேத்து கெட்டில் மட்டும் போட்டப்ப ஒண்ணும் ஆகலையேடா!"ன்னு என்கிட்ட சண்டை. விளக்கினேன். எம்.சி.பி-க்குள்ள சூடானா வளையற ஒரு உலோகப் பட்டை இருக்கு. 10 ஆம்பியர் எம்.சி.பி-ல 13 ஆம்பியர் போனா அது நிதானமாத்தான் சூடாகும். அதுக்குள்ள டீ கொதிச்சிடும். ஆனா, 22 ஆம்பியர் போனா சீக்கிரமே வளைஞ்சு லைனை விட்டுடும். 'நேத்து ஆகலை'ங்கறது பாதுகாப்புக்கு சர்டிஃபிகேட் இல்லை. லேப்ல சார் நூறு தடவை சொன்னப்ப ஏறாதது, அன்னிக்கு அக்காவுக்குச் சொல்லும்போதுதான் எனக்கே ஏறிச்சு.

அக்கா ஓடிப்போய் கம்பத்துல சுவிட்சைத் தூக்கிவிட்டு வர்றதுக்குள்ள அப்பா எழுந்துட்டார். காத்து நின்னதுமே முழிப்பு வந்துடுச்சாம். மாஸ்க்கைக் கழட்டிட்டு ஸ்வெட்டரோட வெளியே வந்திருக்கார். பனி படிஞ்ச புல்லு. வேலி மரத்துல ஒரு அணில், செக்கச்செவேல்னு.

அந்தத் தீவோட ஸ்பெஷலே அதுதான் ஃப்ரெண்ட்ஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டுல வட அமெரிக்காவுலேர்ந்து கொண்டுவந்து விட்ட சாம்பல் அணில், இங்கிலாந்துல பெரும்பாலான இடத்துலேர்ந்து சொந்த ஊர்ச் சிவப்பு அணிலைத் துரத்திடுச்சு. நடுவுல கடல் இருக்கறதால இந்தத் தீவுல சிவப்பு அணில் இன்னும் பிழைச்சுக் கிடக்கு.

அப்பா எனக்கு வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்பினார். அணில் சரியா விழலை, கிளைதான் விழுந்திருந்தது. கீழே எழுதியிருந்தார்: "முதுகுல மூணு கோடு இல்லை. ராமர் இந்தப் பக்கம் வரலை போல."

அடுத்த போட்டோ, அம்மா எடுத்தது. டென்ட் வாசல்ல மடக்கு நாற்காலியில அப்பா, கையில டீ. பக்கத்து ஸ்டூல்ல அந்த மெஷின். மேல டவல் இல்லை.

அதை ஜூம் பண்ணி ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தேன். அந்த செமஸ்டர்ல மெஷின்ஸ் பேப்பர்ல எனக்கு 54 மார்க். போகட்டும் விடுங்க.

உங்க வீட்டுலயும் 'நான் வரலை, நீங்க போங்க'ன்னு ஒருத்தர் இருப்பார். அடுத்த டூர் பிளான் போடறதுக்கு முன்னாடி, ஏன் வரலைன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. சில சமயம் பதில் ரொம்பச் சின்னது... ஒரு பிளக் பாயின்ட் அளவுதான் இருக்கும்.

அடுத்த வாரம் பார்க்கலாம். அதுவரைக்கும் கெட்டிலையும் ஹீட்டரையும் ஒண்ணாப் போடாதீங்க!